புகையில் காய்ந்த கேமரா

பாண்டியின் மகள் கல்யாணத்துக்குப் பாண்டியால் போக முடியவில்லை. அதனால் நான் போனேன்.

பாண்டியும் நானும் சிங்கப்பூரில் ஒரே கப்பல் பட்டறையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறோம். அவன் வெல்டர். நான் அவன் வைத்த வெல்டிங்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன். பட்டறை வழக்கப்படி இப்படிப்பட்ட இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதே அபூர்வம். நாங்களோ ஒரே வீட்டில் குடியிருந்து ஒரே சட்டியில் குழம்பு வைக்கிறோம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவன் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். உள்ளே கம்பி வைத்தார்கள். ஆறு வாரத்துக்கு விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார். அவருடைய லீவு முடிந்துவிடும் என்பதால் தேதியைத் தள்ளவும் வழியில்லை.

நான் அந்த மாதம் எப்படியும் ஊருக்குப் போவதாக இருந்தேன். என்னிடம் ஒரு நல்ல கேமராவும் இருக்கிறது. "நீ போய் எடுத்துக் குடுண்ணே" என்றான் பாண்டி.

"ஏன்டா, அங்க ஆளுக்கொரு போன் இருக்கே, அவங்களே எடுத்து அனுப்ப மாட்டாங்களா?"

"போன்ல எடுத்தா பிள்ளைக்கு வெள்ளையடிச்சிர்றாங்கண்ணே. நிச்சயத்துக்கு அனுப்புன போட்டோவுல எது எம்மகள்னு எனக்கே தெரியல. எம்பிள்ள எப்படி இருக்காளோ அப்படியே வேணும். அவ நெறத்தோட வேணும். அது போதும்."

காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அழுகிற ஆளிடம் மறுத்துப் பேச எனக்கு வரவில்லை. அவன் ஊர் போளூர். கொடைக்கானலைத் தாண்டி மேல்மலையில் கடைசிப் பக்கம் இருக்கிற கிராமம். அங்கே போன் எடுப்பது ஊருக்கு மேலே ஒரு பாறை வளைவில் மட்டும்தான், அதுவும் வானம் மனசு வைத்தால். ஆகவே நேரலை, வீடியோ கால் எதுவும் நடக்காது. அவன் மகள் கல்யாணத்தைப் பார்க்கப் போவது நான் எடுக்கும் படங்களில்தான்.

செவ்வாய்க்கிழமை கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது எதிரே இருந்த டீக்கடை தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி. கிட்டே போனால், டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதிப் பேர் சுற்றுலா வந்தவர்கள். பனியோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கேமராவை வெளியே எடுத்துப் பத்துப் பதினைந்து படம் தட்டினேன். எல்லாம் அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருட்டாக வந்தன.

இது கேமராவின் கோளாறு இல்லை, குணம். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கும். வெள்ளைப் பனியைக் காட்டினால், 'இவ்வளவு வெளிச்சம் ஆகாது' என்று குறைத்துவிடும். கரியைக் காட்டினால் கூட்டிவிடும். நாம்தான் மேலே இருக்கிற திருகை ஒரு படி, ஒன்றரைப் படி கூட்டிவைத்துத் திருத்த வேண்டும். ஒரு படி கூட்டினேன். பனி வெள்ளையாக வந்தது. பக்கத்தில் நின்ற குடும்பத்துக்குக் கேட்கும்படி "இப்பச் சரி" என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமைக்கு மறுநாளே பலன் கிடைத்தது.

போளூர் பஸ்ஸில் பாதிக்கு மேல் மூட்டைகள். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு மூட்டை சர்க்கரை சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தது. இரண்டு மணி நேரம் போனதும் பஸ் நின்றது. நடுரோட்டில் பெரிய யூகலிப்டஸ் மரம்.

"மரம் விழுந்து கெடக்கு" என்றார் கண்டக்டர். "எறங்கி நடந்தா அஞ்சு கிலோமீட்டர். உக்காந்திருந்தா எப்பன்னு சொல்ல முடியாது. எது வசதியோ பாத்துக்கங்க."

சிங்கப்பூரில் சாலையில் ஒரு கிளை விழுந்தால் அரை மணிக்குள் மஞ்சள் உடுப்புக்காரர்கள் வந்து, ஆரஞ்சுக் கூம்பு வைத்து, அறுத்து, கூட்டிப் பெருக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே யாரும் பதறவில்லை. மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு மரத்தைத் தாண்டி நடந்தார்கள். நானும் நடந்தேன். மூன்றாவது கிலோமீட்டரில் மழை பிடித்தது. கேமராப் பையின் மழை உறை சிங்கப்பூர் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

பாண்டியின் வீட்டை அடைந்தபோது நானும் பையும் நனைந்த கோழி. அவன் மனைவி முத்துலட்சுமி வாசலுக்கு ஓடி வந்து பையைப் பிடுங்கிக்கொண்டாள். "வாங்கண்ணே, வாங்க. ஒரு போன் போட்டிருந்தா கொடையாச்சும் கொண்டாந்திருப்பம்ல" என்றாள். போட்டால் போகாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெந்நீரில் குளித்துவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன். மேல்மலை வீட்டு அடுப்பங்கரைக்கு மேலே பரண் இருக்கிறது. அடுத்த போகத்துக்கான விதைப்பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டி அதில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அடுப்புப் புகை போக ஜன்னல் கிடையாது, வேண்டுமென்றே கிடையாது. புகை பரணில் தங்கி மாதக்கணக்கில் பூண்டைக் காயவைக்கிறது. ஈரம் தங்கினால் விதை அழுகிவிடும் என்பதால் இந்த ஊரில் ஈரத்துக்கு வைத்தியம் என்றால் பரண்தான்.

அன்று பூண்டுக் குழம்பு. ஒவ்வொரு பல்லும் சின்னதாக, காரமாக, வெந்த பிறகும் கெட்டியாக இருந்தது. நாங்கள் சிங்கப்பூரில் வாங்கும் வெள்ளைவெளேர் பூண்டை இதோடு ஒப்பிட்டால் அது வெறும் தண்ணீர். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மணப்பெண் கவிதா எதிரே உட்கார்ந்து, "அப்பா நெசமாவே நடக்குறாரா பெரியப்பா? வாக்கர் புடிச்சா, புடிக்காமலா?" என்று துருவித் துருவிக் கேட்டாள். பாண்டியின் அச்சு. அதே நிறம், அதே அகல நெற்றி. சாப்பிட்ட கையோடு தூங்கிப்போனேன்.

புதன்கிழமை காலை முத்துலட்சுமி கேமராவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். கதகதவென்று இருந்தது.

"நல்லா நனைஞ்சிருந்துச்சுண்ணே. பைய உதறுனா தண்ணி கொட்டுது. அதான் கேமராவ மட்டும் எடுத்து, துணியில சுத்தி, வெதப்பூண்டோட பரண்ல வெச்சேன். இப்பப் பாருங்க, ஒரு பொட்டு ஈரம் கெடையாது."

ஈரம் இல்லைதான். கேமரா பூண்டும் புகையுமாக மணந்தது. சிங்கப்பூர் வீட்டில் கேமராவுக்கென்று ஈரம் உறிஞ்சும் மின்சாரப் பெட்டியே வைத்திருக்கிறேன். அது செய்யும் வேலையை இந்தப் பரண் செய்துவிட்டதே என்று நினைத்தேன். அவளுக்கு மனதார நன்றி சொன்னேன்.

பிறகு வாசலில் கவிதாவை நிற்கவைத்து ஒத்திகைக்கு நாலு படம் எடுத்தேன். பனி விலகி நல்ல வெயில். திரையில் பார்த்தால் கவிதாவின் முகமே இல்லை. இரண்டு கண், ஒரு பொட்டு, அதைச் சுற்றி வெள்ளை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. நேற்றுப் பனிக்காகக் கூட்டிவைத்த ஒரு படியைக் குறைக்க மறந்திருக்கிறேன். குறைத்தேன். அப்போதும் வெள்ளை. வெளிச்சம் அளக்கும் முறை, நடுவில் ஒரு புள்ளியை மட்டும் பார்க்கும்படி மாறியிருக்குமோ என்று பார்த்தேன், மாறித்தான் இருந்தது. பையில் உரசித் திரும்பியிருக்கும். முழுப் படத்தையும் பார்த்து அளக்கும்படி மாற்றினேன். அப்போதும் வெள்ளை. வெளிச்சத்தை வாங்கும் திறனான ஐஎஸ்ஓவைக் குறைத்தேன். பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். எல்லா அமைப்பையும் அழித்துப் புதுக் கேமரா போல ஆக்கினேன். வெள்ளையோ வெள்ளை.

இதில் எரிச்சல் என்னவென்றால், வீட்டுக்குள் போய் எடுத்தால் படம் பிரமாதமாக வந்தது. அடுப்பங்கரை இருட்டில் முத்துலட்சுமி வெங்காயம் உரிப்பதை எடுத்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. வாசலுக்கு வந்தால் மறுபடி மாவு மூட்டை. வெயிலில் மட்டும் கேமராவின் ஒளி அளவுமானி பைத்தியம் பிடித்து அலைகிறது என்று முடிவு கட்டினேன். கல்யாணம் நடக்கப்போவது வாசலில்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, கல்யாண வேலைக்கு வந்திருந்த பெண்கள் கேமராத் திரையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏ ஆத்தாடி, கவிதா எம்புட்டுச் செவப்பா வந்திருக்கா பாரு!"

"வெளிநாட்டுக் கேமரான்னா சும்மாவா?"

"அண்ணே, எனக்கு ஒண்ணு எடுங்க. இதே மாதிரி வரணும்."

"இது கோளாறும்மா" என்றேன். "பரவாயில்லண்ணே, கோளாறோடயே எடுங்க" என்றாள் ஒருத்தி. எடுத்தேன். அன்று மட்டும் பதினோரு பெண்களுக்கு வெள்ளையடித்தேன். பட்டறையில் இப்படி ஒரு வேலை கைக்கு வந்தால் சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே எனக்கு வரிசையாக டீ வந்தது. கவிதாவின் சித்தி ஒருத்தி, கவிதா படத்தைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு பாறை வளைவுக்கு ஓடினாள். பிளக்ஸ் அடிக்கக் கொடைக்கானலுக்கு அனுப்ப வேண்டுமாம்.

கவிதா மட்டும் திரையைப் பார்த்துவிட்டு, "இதுல எனக்கு மூக்கே இல்லையே பெரியப்பா" என்றாள். சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத அப்பாவுக்குக் காட்டிராதீங்க. மனசு ஒடிஞ்சிருவாரு" என்றாள்.

எனக்கு அதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை காலை ஒரே ஒரு முறைதான் தாலி கட்டுவார்கள். அதைக் கெடுத்துவிட்டு பாண்டியின் கட்டிலுக்கு முன்னால் போய் எந்த முகத்தோடு நிற்பேன்?

வியாழக்கிழமை வெள்ளனே ஒரு கேரட் வண்டியில் இடம் கிடைத்தது. டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏற்கனவே இரண்டு பேர். மூன்றாவது ஆளாக நான் கியர் கம்பியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர், "கொஞ்சம் காலை வெலக்கிக்கங்க சார், ரெண்டாவது போடணும்" என்பார். மன்னவனூர் தாண்டுவதற்குள் அவர் கேட்காமலே நான் விலக்கப் பழகிவிட்டேன். "கேமரா ரிப்பேரா? பஜாருல பாய் கடைக்குப் போங்க. போட்டோ, பிளக்ஸு, ஜெராக்ஸு எல்லாம் அவருதான். சோலி சுத்தமா இருக்கும்" என்றார்.

பாய் கடை ஒடுக்கமாக, நீளமாக இருந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர் கம்பளிக் குல்லாவோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் கண்ணும் பொட்டுமாக மிதந்துகொண்டிருந்தாள் கவிதா.

"இது யாரு எடுத்த படம்னு தெரியல சார்" என்றார், நான் பார்ப்பதைக் கவனித்து. "மூக்கையே காணோம். என்னால முடிஞ்ச அளவு இழுத்துப் பாத்துட்டேன், வரல. இப்படியெல்லாமா எடுப்பாங்க?"

"நான்தான் எடுத்தேன்" என்றேன்.

அவர் அசரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, பட்டர் பன்னும் டீயும் வரவழைத்தார். நான் பன்னைத் தின்றபடி புதன்கிழமை செய்த வைத்தியம் அத்தனையும் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது கெட்டுருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றார். "ஒரே சுவரு. ஒரே வெளிச்சம். ஒண்ண மட்டும் மாத்துங்க."

காது சூடாகிவிட்டது. இதே வாக்கியத்தைத்தான் பட்டறையில் புதிதாக வரும் ஒவ்வொருவனுக்கும் பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைக்கு எதிரே ஒரு மஞ்சள் சுவர். லென்ஸின் துளையை முழுக்கத் திறந்துவைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். மஞ்சள் மஞ்சளாகவே வந்தது. ஒரு படி சுருக்கி இன்னொரு படம், கொஞ்சம் வெளுப்பு. மேலும் சுருக்க, மேலும் வெளுப்பு. துளை மிகச் சிறியதாக இருக்க வேண்டிய கடைசிப் படத்தில் சுவரே இல்லை.

"அளவுமானி மேல ஒரு குத்தமும் இல்ல. அது ஒழுங்காத்தான் அளக்குது" என்றார் பாய். "துளை சுருங்கும்னு நம்பி, அதுக்குத் தகுந்த மாதிரி ஷட்டர அதிக நேரம் தொறந்து வைக்குது. ஆனா துளை சுருங்கல. மொத்த வெளிச்சமும் உள்ள வந்துருது."

லென்ஸைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, பின்புறம் இருக்கும் குட்டி நெம்புகோலை நகத்தால் தள்ளிக் காட்டினார். உள்ளே துளையைச் சுருக்கும் மெல்லிய தகடுகள், கண்ணிமைக்கும் நேரத்தில் மூட வேண்டியவை, தூக்கக் கலக்கத்தில் நகர்வது போல நகர்ந்தன. அவற்றின் மேல் எண்ணெய் பளபளத்தது. வீட்டு இருட்டில் துளை எப்போதும் முழுக்கத் திறந்தே இருந்ததால் தகடுகளுக்கு வேலையே இல்லை. அதனால்தான் அங்கே படம் நன்றாக வந்திருக்கிறது. வெயிலில்தான் அவற்றுக்கு வேலை.

"சூட்டுல உள்ள இருக்கற கிரீஸ் உருகித் தகட்டுல எறங்கிருக்கு. கார் டேஷ்போர்டுல வெயில்ல வெச்சுட்டீங்களா?" என்றவர், லென்ஸை மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தினார். "என்ன சார் இது, பூண்டு வாசம் அடிக்குது?"

பரண் கதையைச் சொன்னேன். பாய் குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டு அடக்க முடியாமல் சிரித்தார். "முப்பது வருசமா கடை வெச்சிருக்கேன். தண்ணியில போட்டவன், கொரங்கு கையில குடுத்தவன் எல்லாரையும் பாத்திருக்கேன். வெதப்பூண்டோட பரண்ல ஏத்தின கேமராவ இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

எனக்கு முதலில் முத்துலட்சுமி மேல் கோபம்தான் வந்தது; அதை மறைப்பதற்கில்லை. பிறகு யோசித்தேன். நனைந்த பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன கதி என்று திறந்துகூடப் பார்க்காமல் மூன்று முறை சோறு வாங்கித் தின்றுவிட்டுத் தூங்கியவன் நான். அவளோ வீட்டிலேயே விலை உயர்ந்த பொருளான விதையை வைக்கும் இடத்தில் என் கேமராவை வைத்திருக்கிறாள்.

லென்ஸைப் பிரித்துத் துடைக்க மூன்று நாளாகும் என்றார் பாய். அவரிடம் இருந்த லென்ஸ்கள் வேறு கம்பெனி. என் கேமராவில் பொருந்தாது. "மாத்தவே வேணாம்" என்றார். "நாளைக்குத் துளையை முழுசாத் தொறந்தே வெச்சுக்கங்க. தகட்டுக்கு வேலையே குடுக்காதீங்க. ஷட்டர வேகமா ஓட விட்டா வெளிச்சம் சரியாயிரும். ஒரே ஒரு சிக்கல். முழுசாத் தொறந்தா ஒரு வரிசை முகம்தான் துல்லியமா வரும். பின் வரிசை மங்கிரும். குரூப் போட்டோவுக்கு எல்லாரையும் ஒரே வரிசையா நிக்க வெச்சுருங்க."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "பனி திடீர் திடீர்னு வரும். கேமரா அதப் பாத்து ஏமாந்துரும். பொண்ணு நெறத்துல இருக்கற ஒரு கைய அதே வெளிச்சத்துல நிறுத்தி, அந்தக் கைய மட்டும் பாத்து அளந்துக்கங்க."

"அந்த பிளக்ஸ் படத்தை மட்டும் மாத்த முடியாதா பாய்?"

"அது அடிச்சுப் போயாச்சே சார். காலையிலேயே, மொத வண்டியில."

வெள்ளிக்கிழமை காலை ஊர் முக்கில் அந்த பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை மீசையும் தோளுமாக நின்றார். அவர் பக்கத்தில் இரண்டு கண்ணும் ஒரு பொட்டும். மாப்பிள்ளை வீட்டார் வத்தலக்குண்டிலிருந்து வந்து இறங்கி அதைப் பார்த்து மெச்சிக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனேன்.

வாசலில் நீலத் தார்ப்பாய் பந்தல். அதற்கடியில் நின்ற எல்லோரும் நீலமாக இருந்தார்கள். தார்ப்பாயைப் பாதி மடக்கச் சொன்னேன். மழை வந்தால் யார் பொறுப்பு என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். முத்துலட்சுமி, "அண்ணன் சொல்றத வெரசாச் செய்யுங்கப்பா" என்று ஒரு சத்தம் போட்டாள்; மடங்கியது. அவள் கையும் மகள் நிறம்தான். "தங்கச்சி, இங்க வந்து கையைக் காட்டு" என்றேன். மணவறைக்கு முன்னால் கையை நீட்டினாள். புறங்கையை அளந்து, அந்தக் கணக்கை அப்படியே பூட்டிக்கொண்டேன். பனி வந்தால் மறுபடி கை. வெயில் வந்தால் மறுபடி கை. பெண்ணைப் பெற்றவள், தலைக்கு மேல் வேலை; ஆனாலும் நான் கூப்பிட்டபோதெல்லாம் மாவுக் கையோ மஞ்சள் கையோ துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். நாலாவது தடவை, "கேமரா சரியாயிருச்சுல்லண்ணே?" என்று கேட்டாள்.

"சரியாயிருச்சு. ஈரம்தான். காய்ஞ்சதும் சரியாயிருச்சு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. மகள் கல்யாணத்தன்று ஒரு தாயிடம் வேறென்ன சொல்வது?

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி ஒருத்தர் என் முன்னால் வந்து உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பொம்பளைக்கு அஞ்சு தடவ பாத்தீகளே, எனக்கும் பாத்துச் சொல்லுங்க. மூட்டுவலி எப்பப் போகும்?" கைரேகை பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று பந்தலில் பேச்சாகியிருக்கிறது. "தையில போயிரும்" என்று சொல்லி அனுப்பினேன்.

தாலி கட்டும் நேரம் பனி சரியாக மணவறைக்குப் பின்னால் வந்து நின்றது. நான் அதைப் பார்க்கவே இல்லை. திரையில் எண்கள், கன்னத்தில் வெளிச்சம், கன்னம் வெளுக்கவில்லை, கூந்தல் கறுப்பில் முழுகவில்லை. இருபது நிமிஷத்தில் இருநூறு படம் எடுத்தேன். மேளச் சத்தம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை.

குரூப் போட்டோதான் ஊரைக் கலக்கியது. முப்பத்தேழு பேரை ஒரே வரிசையாக, முட்டைக்கோஸ் வயல் வரப்பு நெடுக நிற்கவைத்தேன். யார் பெண்ணுக்கு அடுத்து, யார் கோடியில் என்று பெரிய பஞ்சாயத்து. "எந்தக் கல்யாணத்துலயாச்சும் ஒத்தை வரிசையில நிக்க வெச்சிருக்காங்களா? ரேஷன் கடையா இது?" என்று கோடியில் நின்ற மாமா கத்தினார். அவர் கத்துவதோடு சேர்த்தே எடுத்தேன். அத்தனை முகமும் துல்லியம்.

விருந்தில் கேரட் அல்வாவும் பூண்டு ஊறுகாயும் இருந்தன. தனித்தனியாகத்தான் பரிமாறினார்கள், இலையில் நான் கலந்துவிட்டேன். மோசமில்லை.

படங்களைக் கேமராவில் பார்த்த பெண்களுக்கு ஏமாற்றம். "புதன்கெழம எடுத்தீங்களே, அந்த மாதிரி வரலியேண்ணே" என்றாள் போனில் ஏற்றிக்கொண்டு ஓடிய அதே சித்தி. "கோளாறு சரியாயிருச்சும்மா" என்றேன். என்னை அவள் பார்த்த பார்வையில் என் திறமை மேல் பெரிய நம்பிக்கை தெரியவில்லை.

சிங்கப்பூர் வந்த அன்றே லேப்டாப்பைப் பாண்டியின் மடியில் வைத்தேன். அவன் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினான். ஒற்றை வரிசையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். கால் வலித்தும் சிரிப்பை நிறுத்தவில்லை. "இந்தாளு எப்பவும் இப்படித்தாண்ணே, கத்திக்கிட்டே இருப்பாரு" என்று கோடி மாமாவைக் காட்டினான். மகளின் படங்கள் வரவர, "இதுதாண்ணே எம்பிள்ள. இதுதான் நெறம்" என்று மூன்று நாலு தடவை சொன்னான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூடாத லென்ஸை வைத்துக்கொண்டு வேறு எவனால் இதை எடுத்திருக்க முடியும் என்று சொல்லப் போனேன்.

அவன் ஒரு படத்தில் நின்றுவிட்டான். மணவறைக்கு வந்து உட்கார்ந்ததும் கவிதா நிமிர்ந்து பார்த்தபோது எடுத்தது. வெளிச்சம் மிகச் சரியாக அமைந்த படம்.

"அழுதிருக்காண்ணே" என்றான்.

நான் குனிந்து பார்த்தேன். இமை வீங்கியிருந்தது. கண்ணோரம் சிவந்திருந்தது. மை ஒரு தடவை அழிந்து மேலே திரும்ப இட்டிருந்தது தெரிந்தது. இரண்டு மணி நேரம் அந்த முகத்தையே அளந்துகொண்டிருந்தவன் நான், இதைப் பார்க்கவில்லை.

"புகையா இருக்கும்டா. முன்னால ஹோமம் வளர்த்தாங்க" என்றேன்.

"அன்னிக்கு வெள்ளனே கூப்பிட்டிருக்கா" என்றான் பாண்டி. "அந்தப் பாறை வளைவு வரைக்கும் ஏறிப் போயிக் கூப்பிட்டிருக்கா. நான் வலி மாத்திரையப் போட்டுட்டுத் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா மூணு மிஸ்டு கால் கெடக்கு. திருப்பி அடிச்சா லைனே போகல. அப்புறம் பேசுறப்ப, சும்மாத்தான் கூப்பிட்டேன்ப்பா, சந்தோசமா இருந்தேன்னு சொன்னா. நானும் நம்பிட்டேன்."

"சிரிக்கிற படம் நெறைய இருக்கு. அதுல ஒண்ணப் பெருசாப் போட்டுத் தர்றேன்" என்றேன்.

"இதையே போட்டுக் குடுண்ணே" என்றான். லேப்டாப்பை மூடாமல் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தான். கவிதா இப்போது வத்தலக்குண்டில் மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறாள். அங்கே நன்றாகவே எடுக்கும். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ஆத்தா, அன்னிக்கு எதுக்கு அழுத?" என்று கேட்டான். நலம் விசாரிக்கவில்லை, படம் வந்ததைச் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பாண்டி கம்பி வைத்த காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அப்படித்தான் ஆத்தா இருந்துச்சு" என்றான்.